எஃகுக்கு அலுமினியச் சட்டை

அலுமினியப் பாத்திரம் கைதவறி விழுந்தால் ஒடுக்கு விழும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில வருடம் புழங்கிய அலுமினியக் குண்டானைத் திருப்பிப் பாருங்கள். அடி உப்பியிருக்கும், விளிம்பு நெளிந்திருக்கும். அதே அடுப்படியில் இருக்கும் எவர்சில்வர் அண்டா பத்து முறை உருண்டாலும் பெரிதாக அசராது. அலுமினியம் மெத்து, எஃகு கெட்டி என்று வீட்டிலேயே நாம் தெரிந்துகொள்கிறோம்.

அப்படியிருக்க, அமெரிக்காவில் பாறைகளின் மேல் ஜீப் ஓட்டுகிறவர்கள் செய்யும் ஒரு காரியம் விசித்திரமாகத் தோன்றும். அவர்களுடைய வண்டியின் பாடி எஃகுத் தகட்டால் ஆனது. பாறையில் உரசி அது நசுங்காமல் இருக்க, அதன் மேல் இன்னொரு தகட்டை வைத்து போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். பல வண்டிகளில் அந்த இரண்டாவது தகடு அலுமினியம். கெட்டியானதற்கு மெத்தானது காவல் நிற்கிறது.

விளம்பரத்தை நம்பி ஏமாந்த வேலையும் அல்ல இது. அந்தத் தகடு நிஜமாகவே காப்பாற்றுகிறது. எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். அந்தத் தகட்டுக்குப் பாறையைவிட மோசமான எதிரி ஒன்றும் உண்டு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நடை வேகத்தில் ஒரு பாதை

கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைத்தொடரில் ரூபிகான் டிரெயில் என்று ஒரு வழி இருக்கிறது. ஜார்ஜ்டவுன் ஊரிலிருந்து டாஹோ ஏரிப் பக்கம் போகும் பழைய பாதை, சுமார் 35 கிலோமீட்டர். இதில் ஒரு பகுதி சாதாரண சாலை. மீதியைச் சாலை என்று சொல்ல வாய் வராது. கிரானைட் பாறைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் வறண்ட ஓடை போல இருக்கும். 1953 முதல் இந்த வழியாக ஜீப்புகள் கூட்டமாகப் போகும் 'ஜீப்பர்ஸ் ஜாம்போரி' நடக்கிறது. ஜீப் நிறுவனம் 2003 மாடலாக ராங்ளர் வண்டியின் கடுமுரடான வகை ஒன்றை விற்பனைக்கு விட்டபோது, இந்தப் பாதையின் பெயரையே வைத்தது.

இங்கே வண்டிகள் மனிதன் நடக்கும் வேகத்தில்தான் போகும். பல இடங்களில் அதைவிடவும் மெதுவாக. முன்னால் ஒருவர் இறங்கி நின்று, 'இன்னும் கொஞ்சம் இடது, ஒடி, ஒடி' என்று கையால் வழிகாட்டுவார். இந்த மெதுவேகம் நம் கதைக்கு முக்கியம். ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி ஏறும். வேகம் பத்து மடங்கானால் ஆற்றல் நூறு மடங்கு. 1,600 கிலோ வண்டி மணிக்கு 3 கிலோமீட்டரில் ஊர்ந்து பாறையில் இடித்தால், அந்த இடியின் ஆற்றல் ஒரு சிமெண்ட் மூட்டை ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அதை ஒரு தகடு தாங்கலாம். அதே வண்டி 30 கிலோமீட்டரில் இடித்தால் நூறு மூட்டை. அதற்கு இந்தக் கவசம் எதுவும் செய்யாது, செய்யவும் கூடாது. நெடுஞ்சாலை விபத்தில் வண்டியின் தகடு மடங்கி நசுங்கி ஆற்றலை விழுங்குவதுதான் உள்ளே இருப்பவர் உயிருக்கு நல்லது.

கவசம் தாங்க வேண்டியது இடியைவிட அதிகமாகச் சாய்வை. ஒரு பக்கச் சக்கரம் பாறைமேல் ஏறும். வண்டி மறுபக்கம் சாயும். அந்தப் பக்கம் நிற்கும் இன்னொரு பாறையில் பாடி போய்ச் சாய்ந்துகொள்ளும். சாய்ந்தபடியே அரை மீட்டர் தேய்த்துக்கொண்டு முன்னேறும். இதில் அதிகம் அடிபடுவது பின்பக்க மூலை. வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். முன்சக்கரம் ஒதுங்கிப்போன பாறைக்கு நேராகப் பின்பகுதி வந்து சேரும். சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூலையோ எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். ஓட்டுபவருக்கு அது தெரியவும் தெரியாது.

கட்டைவிரலுக்கே அமுங்கும் பாடி

நிறுத்தி வைத்திருக்கும் எந்தக் காரின் கதவையும் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக உள்ளே போய்த் திரும்பி வரும். கார்களின் வெளித்தகடு பெரும்பாலும் 0.7 முதல் 0.9 மில்லிமீட்டர்தான். ஏழெட்டுத் தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் வரும் கனம். இவ்வளவு மெல்லிய தகடு விறைப்பாக நிற்பதற்குக் காரணம் அதில் அழுத்தி உருவாக்கிய வளைவுகள். வளைவுள்ள தகடு தட்டையான தகட்டைவிட விறைப்பு. அதனால்தான் கார்க் கதவில் நெடுக ஒரு மடிப்புக் கோடு ஓடுகிறது. அழகுக்கு என்று நாம் நினைக்கும் கோடுகளில் பாதி இந்த வேலையையும் பார்க்கின்றன.

ஜீப்பில் அந்த வசதி குறைவு. 1941இல் போருக்காகச் செய்த முதல் ஜீப்பின் பக்கங்கள் பலகை போலத் தட்டை. அந்தத் தட்டை அமைப்பு பிறகு அதன் அடையாளமாகவே நின்றுவிட்டது. 1997 முதல் 2006 வரை வந்த 'டி.ஜே.' வகை ராங்ளரின் பின்மூலையும் ஏறக்குறைய அப்படித்தான். தட்டையான பக்கம் எளிதில் ஒடுக்கு வாங்கும். ஆனால் இன்னொரு தட்டைத் தகடு அதன்மேல் ஒட்டினாற்போல் உட்காருவதும் அதே தட்டையால்தான். வளைந்து நெளிந்த நவீனக் காரின் மேல் இப்படிக் கவசம் மாட்டுவது நடக்காத காரியம்.

தடிமனின் கணக்கு

இனி அந்தப் பின்மூலையையே எடுத்துக்கொள்வோம். பாடித் தகடு 0.8 மில்லிமீட்டர் எஃகு. அதன்மேல் மாட்டும் அலுமினியத் தகடு, அமெரிக்க அளவில் அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. நம் அளவில் 4.8 மில்லிமீட்டர். சரியாக ஆறு மடங்கு கனம்.

முதலில் விறைப்பு. ஒரு பொருள் எவ்வளவு வளைய மறுக்கிறது என்பதைத்தான் இந்தச் சொல்லால் சொல்கிறேன். ஒரே அளவு, ஒரே கனம் உள்ள பட்டைகளை எடுத்துக்கொண்டால், எஃகின் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியத்துக்கு. குண்டான் சொன்ன பாடம் இங்கே சரி.

ஆனால் கனம் கூடும்போது விறைப்பு ஏறும் விதம் வேறு. தகடு வளையும்போது வளைவின் வெளிப்பக்கம் இழுபடுகிறது, உட்பக்கம் நெருக்கப்படுகிறது, நட்டநடுவில் இழுப்பும் இல்லை, நெருக்கமும் இல்லை. இப்போது கனத்தை இரட்டிப்பாக்குங்கள். மேற்பரப்பு நடுவிலிருந்து இருமடங்கு தள்ளிப்போய்விட்டது; அதே வளைவுக்கு அது இருமடங்கு இழுபட்டாக வேண்டும். எதிர்த்து நிற்கும் உலோகமும் இருமடங்கு. அந்த எதிர்ப்பு நடுவிலிருந்து இருமடங்கு தூரத்தில் நின்று வேலை செய்வதால் நெம்புகோலின் கை நீண்ட மாதிரி. அது இன்னொரு இரண்டு. இரண்டை மூன்று முறை பெருக்கினால் எட்டு. கனம் இருமடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு.

இந்தச் சிந்தனையின் வேர் பழையது. 1638இல் ஹாலந்தின் லைடன் நகரில் அச்சான தன் கடைசி நூலில், அடிக்கோலைப் படுக்கவைப்பதைவிட விளிம்பில் நிறுத்தினால் ஏன் அதிகப் பாரம் தாங்குகிறது என்று கலிலியோ கேட்டார். வீட்டுக்காவலில் இருந்த முதியவர் கேட்ட கேள்வி அது. எவ்வளவு பாரத்தில் உடையும் என்ற ஒப்பீட்டில் அவர் விடை சரியாகவே இருந்தது. எவ்வளவு வளையும் என்ற கணக்கைப் பின்னால் வந்தவர்கள் முடித்தார்கள்.

நம் மூலைக்கு வருவோம். கனம் ஆறு மடங்கு. ஆறை மூன்று முறை பெருக்கினால் 216. அலுமினியம் என்பதால் மூன்றால் வகுக்க வேண்டும்: 72. பாடித் தகட்டைவிடக் கவசத் தகடு 72 மடங்கு விறைப்பு. பொருளின் குறையைக் கனம் அடித்துக்கொண்டு போய்விட்டது.

எடை? ஒரு சதுர மீட்டர் பாடித் தகடு 6 கிலோவைச் சற்றுத் தாண்டும். அதே பரப்புள்ள அலுமினியக் கவசம் 13 கிலோ. எடை இருமடங்கு, விறைப்பு 72 மடங்கு.

'இதையே எஃகில் செய்தால்?' என்று கேட்கலாம். இரண்டு வழி உண்டு. அதே 4.8 மில்லிமீட்டர் எஃகு போட்டால் விறைப்பு 216 மடங்கு; ஆனால் சதுர மீட்டருக்கு 38 கிலோ. இரண்டு மூலை, இரண்டு பக்கம் என்று சுற்றி மாட்டினால் ஆள் ஏறாமலே வண்டியில் ஒரு ஆள் ஏறியாயிற்று, அதுவும் உயரத்தில். சாய்ந்து சாய்ந்து போகும் வண்டிக்கு மேல்பாரம் ஆகாது. இரண்டாவது வழி, எடையை 13 கிலோவிலேயே நிறுத்திக்கொண்டு எஃகு வாங்குவது. அந்த எடைக்கு 1.65 மில்லிமீட்டர் எஃகுதான் வரும். அதன் விறைப்பு பாடியைப் போல் ஒன்பது மடங்குகூட வராது. ஒரே எடைக்கு எஃகு 9, அலுமினியம் 72. அலுமினியத்தின் பலம் அது லேசாக இருப்பதில் இருக்கிறது. லேசாக இருப்பதால்தான் அதைத் தடியாகப் போட முடிகிறது. குண்டானில் நாம் பார்த்த ஒடுக்குக்கு மெல்லிய தகடும் ஒரு காரணம். முழுப் பழியையும் உலோகத்தின் தலையில் போட்டுவிட்டோம்.

ஒடுக்கும் கீறலும்

விறைப்பு வேறு, வலு வேறு. அழுத்தியபின் தகடு திரும்பி வருமா, அப்படியே குழிந்து நின்றுவிடுமா என்பது வலுவின் விஷயம். வளைத்துவிட்டு விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் கடைசிக் கட்டத்தை மீள் எல்லை என்போம். அதைத் தாண்டினால் ஒடுக்கு.

இந்த வலு கனத்தின் மும்மடிப்படி ஏறாது, இருமடிப்படி ஏறும். ஆறுக்கு ஆறு, 36. கவசத்துக்கு அதிகம் பயன்படும் அலுமினியக் கலவை 5052 என்ற எண் கொண்டது; சுமார் 2.5 சதவீதம் மெக்னீசியம் கலந்தது. அதன் மீள் எல்லை சாதாரணக் கார்த் தகட்டு எஃகின் எல்லைக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். ஆகவே இங்கே அலுமினியத்துக்கு அபராதமே இல்லை என்று சொல்லலாம். பாடியைக் குழியவைக்கும் பாரத்தைப் போல் முப்பது மடங்குக்கு மேல் வேண்டும், கவசம் நிரந்தரமாக வளைய.

கலவையைத் தேர்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. 6061 என்ற இன்னொரு கலவை, வெப்பத்தில் பதப்படுத்தியது, 5052ஐவிட நல்ல வலு. ஆனாலும் மூலைக்கவசத்துக்கு அது ஏற்றதல்ல. மூலையைச் சுற்றிக்கொள்ளத் தகட்டை எந்திரத்தில் வைத்து இறுக்கமாக மடிக்க வேண்டுமே. அப்போது 6061 மடிப்பில் விரிசல் விடும். 5052 விரிசல் விடாமல் மடியும். அதிக வலு உள்ளதை ஒதுக்கிவிட்டுச் சொன்னபடி கேட்பதை எடுத்துக்கொள்வது பட்டறைகளில் புதிதல்ல.

கீறலில் மட்டும் அலுமினியம் தோற்கிறது. கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் எஃகையே கீறும், அலுமினியத்தை உழும். ஆனால் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு உழுதாலும் 4.8இல் அது பத்தில் ஒரு பங்கு. அதே கீறல் 0.8 மில்லிமீட்டர் பாடியில் விழுந்திருந்தால் பாதித் தகட்டுக்கு மேல் போயிருக்கும், பெயிண்டும் போயிருக்கும், மறுமழையில் துரு ஆரம்பித்திருக்கும். கவசத்துக்கு அடிக்கும் பூச்சு சொரசொரப்பான கறுப்பு பவுடர் கோட்டிங்காக இருப்பதும் இதனால்தான். பளபளப்பான பெயிண்டில் ஒரு கோடு விழுந்தாலும் கண்ணை உறுத்தும், சொரசொரப்பில் பத்து விழுந்தாலும் தெரியாது.

பாரம் எங்கே போய்ச் சேருகிறது

இவ்வளவு சொன்னபின் ஒரு எச்சரிக்கை. தகடு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், அதன் மேல் விழும் பாரம் எங்காவது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும். பாரம் ஒரு பாகத்திலிருந்து இன்னொன்றுக்கு இறங்கிப் போகும் வழியை விசைவழி என்று வைத்துக்கொள்வோம். பின்மூலைக் கவசத்தின் விசைவழி: பாறையிலிருந்து தகடு, தகட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு போல்ட், போல்ட்டிலிருந்து அதே 0.8 மில்லிமீட்டர் பாடி. பாறையின் ஒரு முனை ஓர் இடத்தில் குத்திய பாரத்தைக் கவசம் அகலமாகப் பரப்பித் தருகிறது, அவ்வளவுதான். பாடி தாங்க முடியாத மொத்தப் பாரம் வந்தால், ஒடுக்கே இல்லாத கவசத்தோடு மூலை முழுவதும் உள்ளே போகும்.

கதவுக்குக் கீழே, இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் ஓடும் விளிம்பில் இந்தப் பிரச்சினை கடுமை. பாறையைத் தாண்டும்போது வண்டியின் பாதி எடை அந்த விளிம்பிலேயே உட்காரும். அங்கே அலுமினியத் தகடு ஒட்டினால் போதாது. தடித்த எஃகுக் குழாயைச் சேசிஸிலிருந்து கைநீட்டிப் பிடித்திருக்கும் 'ராக் ஸ்லைடர்' வேண்டும். அதில் விழும் பாரம் பாடியைத் தொடாமல் நேரே சேசிஸுக்குப் போய்விடும். ராங்ளரில் சேசிஸ் தனி, பாடி தனி. நடுவில் ரப்பர் கட்டைகள். மேடுபள்ளத்தில் சேசிஸ் முறுக்கிக்கொள்ளும்போது இரண்டும் கொஞ்சம் விலகி அசையும். ஸ்லைடருக்கும் பாடிக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி விடுவது அதற்காக.

ஸ்லைடருக்கு எஃகு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாரத்தோடு தேயும்போது அலுமினியத்தைப் பாறை கவ்விப் பிடித்துக்கொள்ளும். எஃகு வழுக்கிக்கொண்டு போகும். சாய்ந்து உரசும் இடத்துக்கு அலுமினியம், ஏறி உட்காரும் இடத்துக்கு எஃகு என்று பிரித்துக்கொள்வது என் பார்வையில் நியாயமான ஏற்பாடு. எல்லா இடத்திலும் ஒரே தகடு என்று விற்பவரிடம் விசைவழியைக் கேளுங்கள்.

துளை போடும் நாள்

கவசத்தை மாட்டும் வேலையில் மனம் பதறும் கணம், நல்ல பாடியில் முதல் துளை போடுவது. அதுவரை எதையும் திரும்ப எடுத்துவிடலாம்.

முதலில் டெயில் லாம்ப்பைக் கழற்ற வேண்டும். டி.ஜே. வண்டியில் அது பெட்டி மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், முதலில் உடைவதும் அதுதான். அதனால் பல கவசங்களில் வட்டமான எல்.இ.டி. விளக்கு உள்ளடங்கி உட்கார ஒரு பெரிய துளை வெட்டியே வரும். அதற்கு நேராகப் பாடியையும் வெட்ட வேண்டும். பாட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிட்டு, தகட்டுக்குப் பின்னால் ஒயர் எங்கே ஓடுகிறது, பெட்ரோல் குழாய் எங்கே போகிறது என்று உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. டிரில் பிட் பாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே பாயும்போது யாரையும் கேட்காது.

கவசத்தையே அச்சாக வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரே ஒரு துளைக்கு மட்டும் சென்டர் பஞ்ச்சால் குறி அடிக்க வேண்டும். பஞ்ச் அடிக்காவிட்டால் பிட் வழுக்கி பெயிண்டில் கோலம் போடும். சின்ன பிட்டால் வழித்துளை, பிறகு பெரியது. அந்தத் துளையில் போல்ட்டைப் போட்டுக் கவசத்தைத் தொங்கவிட்டு, தூரத்தில் இருக்கும் மூலைக்கு அடுத்த துளை. எல்லாத் துளைகளையும் முதலிலேயே குறித்துக்கொண்டு வரிசையாகப் போடுபவர்களுக்குக் கடைசி இரண்டு துளை பெரும்பாலும் சேராது. ஒவ்வொன்றிலும் சேரும் கால் மில்லிமீட்டர் பிசகு கடைசியில் ஒன்றுகூடி நிற்கும்.

பாடியின் பின்பக்கம் கை போகாத இடங்களில் நட்டு எப்படிப் போடுவது? இங்கேதான் ரிவெட் நட் வருகிறது. உள்ளே மரை வெட்டிய ஒரு குட்டிக் குழல். துளையில் வெளிப்பக்கமிருந்து சொருகி, அதற்கான கருவியால் இழுத்தால், தகட்டுக்குப் பின்னால் இருக்கும் பகுதி கழுத்துப் பிதுங்கி அகன்று தகட்டைக் கவ்விக்கொள்ளும். வெல்டிங் இல்லாமல், மரை வெட்ட முடியாத 0.8 மில்லிமீட்டர் தகட்டில் உறுதியான மரை கிடைத்துவிடும். துளை கொஞ்சம் பெரிதாகிப் போனால் மட்டும் ஆபத்து. முடுக்கும்போது நட் அப்படியே சுற்றும். பிறகு அதை முடுக்கவும் முடியாது, கழற்றவும் முடியாது.

கவசத்திலோ துளைகள் வேண்டுமென்றே பெரிதாக இருக்கும். சூடேறும்போது அலுமினியம் எஃகைப் போல் ஏறக்குறைய இருமடங்கு விரியும். மலைமேல் குளிர்ந்த இரவுக்கும், கறுப்புத் தகடு வெயிலில் காயும் மதியத்துக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், ஒரு மீட்டர் நீளத்தில் இரண்டும் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகும். துளைகள் இறுக்கமாக இருந்தால் அந்த அரை மில்லிமீட்டர் போகுமிடம் இல்லாமல் தகட்டை நடுவில் உப்பவைக்கும், அல்லது ரிவெட் நட்டைத் தினமும் ஆட்டும்.

துளை போட்டபின் செய்யும் சில்லறை வேலைகளில்தான் கவசத்தின் ஆயுள் இருக்கிறது. துளை விளிம்பின் பிசிறை அரத்தால் நீக்கி, பளிச்சென்று தெரியும் வெற்று எஃகுக்குத் துருத்தடுப்பு பிரைமர் தடவி, காயவிட வேண்டும். டிரில்லில் கொட்டிய இரும்புத் துகள்களைக் காந்தத்தால் ஒற்றி எடுக்க வேண்டும். மடிப்பில் ஒதுங்கிய ஒரு துகள் இரண்டே மழையில் ஆரஞ்சு நிறப் பொட்டாகும்.

இரண்டு உலோகம், நடுவில் ஈரம்

அந்த இன்னொரு எதிரிக்கு வருவோம்.

1948இல் பிரிட்டனில் முதல் லேண்ட் ரோவர் வந்தபோது அதன் பாடி அலுமினியம்-மெக்னீசியக் கலவை. போருக்குப்பின் எஃகுக்கு ரேஷன் இருந்த காலம். வண்டி நன்றாகவே உழைத்தது. ஆனால் அலுமினியத் தோல் எஃகுச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்த இடங்களில், குறிப்பாகக் கதவின் கீழ்விளிம்பில், வருடங்கள் போகப்போக பெயிண்ட் கொப்பளித்து, கீறினால் வெள்ளைப் பொடி கொட்டும். பழைய லேண்ட் ரோவரைச் சீர்படுத்துபவர்கள் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான்.

இதை இருவுலோக அரிப்பு என்போம். எலக்ட்ரானைக் கொடுத்துவிடத் துடிப்பதில் உலோகங்களுக்குள் ஏற்றத்தாழ்வு உண்டு. இரண்டு உலோகம் ஒன்றையொன்று தொட்டு, உப்பு கலந்த ஈரமும் இரண்டையும் நனைத்தால் அங்கே ஒரு சின்ன பாட்டரி உருவாகிவிடும். அதிகம் துடிக்கும் உலோகம் கரைந்து மற்றதைக் காப்பாற்றும். அலுமினியத்துக்கும் எஃகுக்கும் நடந்தால் கரைவது அலுமினியம். தனியாக இருக்கும்போது அதன் மேல் தானாகப் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அதைக் காக்கும். உப்பு அந்தப் படலத்தில் ஓட்டை போட்டுவிடும். அமெரிக்காவின் குளிர்மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடி, அது பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் கேட்கும். அதனால்தான் பெயிண்ட் கொப்பளிக்கிறது.

மருந்தும் பழையதுதான். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை, மரப்புழுவிலிருந்து காக்க 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்தது. 1763இல் அது வெஸ்ட் இண்டீஸ் கடலிலிருந்து திரும்பியபின் பார்த்தால், செம்பு நன்றாக இருந்தது. அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் அரித்துக் கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. செம்புத் தகடு சுற்றி வந்த பழுப்புத்தாள் அந்த இடங்களில் கிழிபடாமல் ஆணிக்கும் செம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு தாள் மறித்ததில் பாட்டரியின் சுற்று அறுந்துவிட்டது.

கவசத்தில் அந்தத் தாளின் வேலையைச் செய்வது பாடியின் பெயிண்ட், கவசத்தின் உள்பக்கத்திலும் அடித்த பவுடர் கோட்டிங், போல்ட் தலைக்கடியில் வைக்கும் நைலான் வாஷர். உள்பக்கம் பூச்சில்லாமல் விட்டால் மலிவாகக் கிடைக்கும், நான் வாங்கமாட்டேன். போல்ட்டுக்குப் பலரும் எவர்சில்வரையே தேர்கிறார்கள். அது அலுமினியத்தைக் கரைக்கும் கூட்டம்தான். ஆனால் பெரிய அலுமினியத் தகட்டில் சின்ன போல்ட் என்பதால் சேதம் துளையைச் சுற்றி மெதுவாகவே பரவும். பெரிய எவர்சில்வர் தகட்டில் சின்ன அலுமினிய ரிவெட் அடித்தால் கதை தலைகீழ். முழு அரிப்பும் அந்த ரிவெட்டில் குவியும், சீக்கிரமே தலை உதிரும். எவர்சில்வர் போல்ட்டை எவர்சில்வர் மரையில் வறண்டபடி முடுக்கினால் ஒன்றோடொன்று பிணைந்துபோய், கழற்றவே முடியாமல் சிக்கிக்கொள்ளும். மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுவது பத்து விநாடி வேலை.

சந்துக்குள் சேறு

கவசத்துக்கும் பாடிக்கும் இடையே ஒரு மெல்லிய சந்து இருந்தே தீரும். ஓடையைக் கடக்கும்போது சேற்றுநீர் அதில் மேலேறும்; இடம் குறுகக் குறுக நீர் தானாக ஏறும். தண்ணீர் வற்றினாலும் நுண்மணல் தங்கும். வண்டி ஆடும்போதெல்லாம் அந்த மணல் பாடியின் பெயிண்டை உப்புத்தாள் போலத் தேய்க்கும். பெயிண்ட் போன இடத்தில் எஃகு ஈரத்தோடு நிற்கும். வெயிலும் காற்றும் படாததால் காயாது. வெளியே கவசம் கறுப்பாக, கம்பீரமாக நின்றுகொண்டிருக்க, உள்ளே பாடி துருவேறிக்கொண்டிருக்கும். கவசம் இல்லாத வண்டியில் அந்தத் துரு முதல் மாதமே கண்ணில் பட்டிருக்கும்.

இதற்கு வண்டிக்காரர்களிடம் இரண்டு கட்சி. ஒரு கட்சி நாலு பக்கமும் சீலன்ட் வைத்து அடைத்துவிடச் சொல்லும். எங்கோ ஒரு ஊசித்துளை வழியாக நீர் நுழைந்தால், அது வெளியேற வழியில்லை என்பதை அவர்கள் நினைப்பதில்லை. இன்னொரு கட்சி, வாஷர் வைத்துக் கவசத்தை மூன்று நாலு மில்லிமீட்டர் தள்ளி நிறுத்தி, தண்ணீர்க் குழாயை வைத்துக் கழுவிவிடச் சொல்லும். கழுவ முடியும், ஆனால் தள்ளி நிற்கும் தகட்டின் விளிம்பைப் பாறை கவ்வும், போல்ட்டுகள் வளையும். நடுவழி எனக்குச் சரியாகப் படுகிறது: மேல்விளிம்பிலும் இரு பக்கமும் சீலன்ட் கோடு, ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் பியூட்டைல் நாடா, கீழ்விளிம்பு மட்டும் திறந்தே. மேலிருந்து இறங்க வழியில்லை, உள்ளே போனது கீழே வடியும். இப்படி மாட்டியதையும் வருடம் ஒருமுறை, குளிர்காலத்து உப்புச் சாலைகளுக்குப் பிறகு, கீழ்வரிசை போல்ட்டுகளைத் தளர்த்தி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடி தெரிந்தால் அலுமினியம் கரைகிறது. காவி நிறம் ஒழுகியிருந்தால் பாடி துருப்பிடித்திருக்கிறது. முதலாவதென்றால் அந்தத் துளையின் வாஷரை மாற்றிப் பூச்சடித்தால் போதும். இரண்டாவதென்றால் கவசத்தை முழுக்கக் கழற்றிவிட வேண்டியதுதான்.